ஒரே ராஜா, இரண்டு சபை: அயர்லாந்து நாடாளுமன்றம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது எப்படி?

வட அயர்லாந்து பற்றி ஏதாவது செய்தி வந்தால் போதும், தமிழில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. "இங்கிலாந்து அயர்லாந்தைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது" என்பது ஒன்று. "அந்த இணைப்பைக் கத்தோலிக்கர்கள் எதிர்த்தார்கள், புராட்டஸ்டன்டுகள் ஆதரித்தார்கள்" என்பது இன்னொன்று.

முதல் வாக்கியம் இரண்டு வேறு நிகழ்வுகளை ஒன்றாகக் குழப்புகிறது. படையெடுப்பும் நிலப்பறிப்பும் நடந்தது உண்மைதான். ஆனால் அவை இணைப்புக்கு வெகுகாலம் முந்தியவை. இணைப்பு நடந்தது 1800இல், டப்ளின் நகரில், அயர்லாந்து நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்பில். இரண்டாவது வாக்கியமோ பிற்காலத்து அணிகளைப் பழைய காலத்தில் கொண்டுபோய் ஒட்டுகிறது. அன்று டப்ளினில் இணைப்பை உரக்க எதிர்த்த தலைவர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்டுகள். கத்தோலிக்க ஆயர்களில் பலர் இணைப்பை ஆதரித்தவர்கள்.

ஒரு நாட்டின் சபை ஏன் தன்னைத்தானே கலைத்துக்கொள்ள வாக்களிக்கிறது? இது புரிந்தால் அயர்லாந்தின் அடுத்த இருநூறு வருடச் சண்டையில் பாதி புரிந்துவிடும். அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

இரண்டு ஊர், ஒரு நாட்டாமை

பெரியூர், சின்னூர் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் தனித்தனி ஊர்க்கூட்டம், தனித்தனி வரி, தனித்தனிக் கல்லாப்பெட்டி. ஆனால் நாட்டாமை மட்டும் ஒருவரே. அவர் குடியிருப்பது பெரியூரில். சின்னூர்க்கூட்டம் ஒரு முடிவு எடுத்தால் நாட்டாமையின் ஒப்புதலுக்காகப் பெரியூருக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் முடி இணைப்பு. அரசர் ஒருவர், அரசுகள் இரண்டு. 1603இல் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானபோது அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே நடந்தது இதுதான். அரசர் ஒருவரே ஆனாலும் எடின்பரோவில் ஒரு நாடாளுமன்றம், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு நாடாளுமன்றம் என்று நூறு வருடங்களுக்கு மேல் ஓடியது.

இப்போது பெரியூர்க்காரர்கள் வந்து இப்படிச் சொல்கிறார்கள்: "உங்கள் ஊர்க்கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். எங்கள் கூட்டத்துக்குப் பதினைந்து பேரை அனுப்புங்கள். எங்கள் பக்கம் எண்பத்தைந்து பேர் இருப்பார்கள். இனிமேல் இரண்டு ஊருக்கும் சேர்த்து இந்த ஒரே கூட்டம் முடிவெடுக்கும்." இதுதான் நாடாளுமன்ற இணைப்பு. இதில் நிலமும் மக்களும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். சட்டம் எழுதும் இடம் மட்டும் மாறிவிடும். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1707இல் இப்படித்தான் இணைந்து கிரேட் பிரிட்டன் ஆயின. ஸ்காட்லாந்துக்குப் பொதுச்சபையில் 45 இடங்கள், பிரபுக்கள் சபையில் 16 இடங்கள் கிடைத்தன.

இந்தியாவில் இருக்கும் நமக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். 'ஒன்றியம்' என்றாலே நமக்குக் கூட்டாட்சிதான் நினைவுக்கு வருகிறது: மேலே ஒரு நாடாளுமன்றம், கீழே மாநிலச் சட்டமன்றங்கள், யாருக்கு எந்த அதிகாரம் என்று பட்டியல். 1800இல் பேசப்பட்டது அது இல்லை. டப்ளினில் உள்ளூர்ச் சபை என்று எதுவும் மிஞ்சப்போவதில்லை. முழுக்கக் கலைப்பு.

சரி, இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முடி இணைப்பில் அரசர் மட்டும் பொது. கூட்டாட்சியில் உள்ளூர்ச் சபை மிஞ்சும். நாடாளுமன்ற இணைப்பில் ஒரு சபை மறைந்து, அதன் ஆட்கள் சிலர் இன்னொரு சபையில் போய் உட்காருவார்கள்.

டப்ளினில் இருந்தது எப்படிப்பட்ட சபை?

1541இல் எட்டாம் ஹென்றி தன்னை அயர்லாந்தின் அரசர் என்று அறிவித்துக்கொண்டார். அதற்கு முன் இங்கிலாந்து அரசர்களுக்கு அங்கே 'பிரபு' என்ற பட்டம்தான். அன்றிலிருந்து அயர்லாந்து, காகிதத்தில், ஒரு தனி ராஜ்யம். அதற்கென்று பிரபுக்கள் சபையும் பொதுச்சபையும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் டப்ளின் காலேஜ் கிரீனில் அதற்கு எழுந்த கட்டடம், நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளுக்கென்றே திட்டமிட்டுக் கட்டியது. அந்தக் காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பொதுச்சபைகூட ஒரு பழைய தேவாலயத்துக்குள்தான் நடந்துகொண்டிருந்தது.

கட்டடம் கம்பீரமாக இருந்தாலும் அதிகாரம் அரைகுறைதான். 1494இல் வந்த பாய்னிங்ஸ் சட்டப்படி, லண்டனின் ஒப்புதல் இல்லாமல் அங்கே ஒரு சட்டமும் நிறைவேற முடியாது. போதாததற்கு 1720இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், அயர்லாந்துக்கும் தானே சட்டம் இயற்றலாம் என்று அறிவித்துக்கொண்டது. 1782இல்தான் இந்தக் கட்டுகள் தளர்ந்தன. பிரிட்டிஷ் படைகள் அமெரிக்கப் போரில் சிக்கியிருந்த நேரம் அது. அயர்லாந்தில் ஆயுதம் ஏந்திய தன்னார்வப் படைகள் தெருவில் அணிவகுத்தன. உறுப்பினர் ஹென்றி கிராட்டன் சபைக்குள் வாதாடினார். லண்டன் இறங்கி வந்தது. அந்த வெற்றியால் அடுத்த பதினெட்டு வருடச் சபைக்குக் 'கிராட்டன் நாடாளுமன்றம்' என்றே பெயர் நின்றுவிட்டது.

ஆனால் இதை மக்கள் சபை என்று நினைத்துவிடக் கூடாது. அயர்லாந்து மக்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் கத்தோலிக்கர்கள். அவர்களில் ஒருவர்கூட உறுப்பினராக முடியாது. 1793இல்தான் அவர்களுக்கு ஓட்டுரிமையே கிடைத்தது, அதுவும் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். பொதுச்சபையில் 300 இடங்கள். 32 மாவட்டங்களுக்கு ஆளுக்கு இரண்டு, டிரினிட்டி கல்லூரிக்கு இரண்டு. மீதி 234 இடங்களும் சிறு நகரத் தொகுதிகளுக்கு. அவற்றில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு நிலப்பிரபுவின் சட்டைப்பையில் இருந்தவை. வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்துப் பேனோ என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணல் மூடி ஊரே இல்லாமல் போய்விட்டது. ஆனால் டப்ளின் சபையில் அந்த மணல்மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள்.

இன்னொன்று, நிர்வாகம் இந்தச் சபையின் கையில் இல்லை. டப்ளின் கோட்டையில் இருந்த ஆளுநரை நியமித்தது லண்டன். வேலைகள், பட்டங்கள், ஓய்வூதியங்கள் எல்லாம் அந்தக் கோட்டை வழியாகவே வரும். சட்டம் ஒரு இடத்தில், ஆட்சி இன்னொரு இடத்தில். இணைப்பு விவாதத்தில் இரு தரப்புமே திரும்பத் திரும்பத் தொட்டது இந்த விரிசலைத்தான்.

பேச்சு ஏன் 1798இல் கிளம்பியது?

ஒரே நாட்டாமை என்ற ஏற்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால்? 1788இல் மூன்றாம் ஜார்ஜ் அரசருக்கு மனநிலை பாதித்தது. இளவரசரைப் பதில் ஆட்சியாளர் ஆக்கும்போது அவருக்குச் சில கட்டுப்பாடுகள் போட வேண்டும் என்றது லண்டன். கட்டுப்பாடு எதுவும் வேண்டாம், முழு அதிகாரத்தோடு வரட்டும் என்றது டப்ளின். ஒரே முடியின் கீழ் இருந்த இரண்டு நாடுகளுக்கு இரண்டு விதமான ஆட்சியாளர் அமையும் நிலை வந்துவிட்டது. 1789 தொடக்கத்தில் அரசர் குணமானதால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பிரதமர் வில்லியம் பிட் அதை மறக்கவில்லை.

அப்புறம் வந்தது 1798. அயர்லாந்துக் குடியரசு வேண்டும் என்று ஐக்கிய ஐரிஷார் இயக்கம் எழுந்தது. வெக்ஸ்ஃபோர்டில் பெரும் கிளர்ச்சி நடந்தது. ஜூன் 21 அன்று வினிகர் ஹில்லில் அது நசுக்கப்பட்டது. ஆகஸ்டில் ஹம்பர்ட் தலைமையில் பிரெஞ்சுப் படை மேற்குக் கரையில் கில்லாலாவில் வந்து இறங்கியது. அதுவும் சில வாரங்களில் சரணடைந்தது. சில மாதங்களுக்குள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். பிரான்ஸோடு போர் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் பின்வாசல் திறந்து கிடக்கிறது என்ற பயம் லண்டனைப் பிடித்துக்கொண்டது. அந்த வாசலை அடைக்கப் பிட் எடுத்த திட்டம்தான் இணைப்பு.

அதை நடத்திக்காட்ட டப்ளினுக்கு ஆளுநராக வந்தவர் கார்ன்வாலிஸ். ஆமாம், நமக்குத் தெரிந்த அதே கார்ன்வாலிஸ். 1792இல் திப்பு சுல்தானோடு ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை செய்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கியவர். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவருடைய சிலை நிற்கிறது. பீடத்தில், திப்புவின் பிள்ளைகள் இருவரும் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டப்ளின் நினைவுதான் வரும். அந்தப் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டு ஏழெட்டு வருடங்களில் இதே மனிதர் அயர்லாந்தில் உட்கார்ந்து நாடாளுமன்ற உறுப்பினர்களோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். பேரம் அவருக்கே அருவருப்பாக இருந்தது. தன் கடிதங்களில் அதை அவர் மறைக்கவில்லை.

யார் எந்தப் பக்கம்?

பொதுவாக நினைப்பது போல இந்த விவாதம் மத எல்லைக் கோட்டில் பிரியவில்லை. ஒவ்வொரு தரப்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டது: 'டப்ளின் சபை போனால் எனக்கு என்ன போகும்?' அந்தச் சபையால் பலன் கண்டவர்கள் எதிர்த்தார்கள். அதனால் ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை.

டப்ளின் நகரம் கொதித்தது. சபை நடக்கும் மாதங்களில் பிரபுக்கள் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். தையற்காரர், வண்டி செய்பவர், கடைக்காரர், வீட்டு வாடகை வாங்குபவர் என்று எல்லோருடைய பிழைப்பும் அதை நம்பி இருந்தது. வழக்கறிஞர்களுக்கு அந்தச் சபைதான் முன்னேறும் ஏணி. 1798 டிசம்பரில் அவர்கள் கூடி 166க்கு 32 என்ற கணக்கில் இணைப்பை நிராகரித்தார்கள். புராட்டஸ்டன்டு ஆதிக்கத்தை உயிராகக் கருதிய ஆரஞ்சு சங்கக் கிளைகள் பலவும் எதிர்ப்பில் சேர்ந்துகொண்டன. சபைத் தலைவர் ஜான் ஃபாஸ்டர் கத்தோலிக்கர்களுக்கு உரிமை தருவதைக் கடுமையாக எதிர்த்தவர். இணைப்பையும் அவர் அதே வேகத்தில் எதிர்த்தார். கத்தோலிக்கர்களுக்கு முழு உரிமை கேட்ட கிராட்டனும் எதிர்த்தார். எதிரெதிர் துருவங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

மறுபக்கத்திலும் இதே விசித்திரம்தான். டப்ளின் பேராயர் டிராய் உள்ளிட்ட கத்தோலிக்க ஆயர்கள் இணைப்பை ஆதரித்தார்கள். தங்களை உள்ளே விடாத சபை போகட்டும், லண்டனில் நியாயம் கிடைக்கலாம் என்று அவர்கள் நம்பினார்கள். கத்தோலிக்கர்களுக்கு எதுவும் தரக்கூடாது என்ற, அயர்லாந்தின் தலைமைச் சட்ட அதிகாரி கிளேர் பிரபுவும் இணைப்பைத்தான் ஆதரித்தார். சிறுபான்மைப் புராட்டஸ்டன்டுகளைப் பிரிட்டன் மட்டுமே காப்பாற்ற முடியும் என்பது அவருடைய கணக்கு. கார்க் நகர வணிகர்கள் பலர் வியாபாரம் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள்.

எல்லாக் கத்தோலிக்கர்களும் ஆயர்கள் பின்னால் போய்விடவில்லை. 1800 ஜனவரி 13 அன்று டப்ளின் ராயல் எக்ஸ்சேஞ்ச் மண்டபத்தில் கத்தோலிக்கர்களின் எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. 24 வயது வழக்கறிஞர் ஒருவர் தன் முதல் மேடைப் பேச்சைப் பேசினார். இணைப்பை ஏற்பதா, கத்தோலிக்கர்களை ஒடுக்கிய பழைய தண்டனைச் சட்டங்கள் திரும்ப வருவதா என்று கேட்டால், இரண்டாவதையே ஏற்பேன் என்றார். அவர் பெயர் டேனியல் ஓ'கானல்.

பிரிட்டனிலும் எதிர்ப்பு இருந்தது. நாடக ஆசிரியர் ஷெரிடன் டப்ளினில் பிறந்தவர். வெஸ்ட்மின்ஸ்டர் உறுப்பினராக அவர் இணைப்புக்கு எதிராக நின்றார். யார்க்ஷயர் கம்பளி உற்பத்தியாளர்கள், கச்சாக் கம்பளி தடையில்லாமல் அயர்லாந்துக்குப் போய்விடும் என்று மனு போட்டார்கள். ஆனால் அங்கே பிட்டுக்குப் பெரும்பான்மை உறுதி. உண்மையான போராட்டக்களம் டப்ளின்தான்.

சிறுபான்மை, பெரும்பான்மை: பிட்டின் கணக்கு

இணைப்புக்கு ஆதரவாகச் சொன்னவற்றில் மிகக் கூர்மையான வாதம் இது. ஊர் உதாரணத்திலேயே பார்ப்போம். சின்னூரில் நூறு பேரில் எழுபத்தைந்து பேர் வடக்குத் தெரு. ஆனால் கூட்டம் முழுவதும் தெற்குத் தெருக்காரர்கள் கையில். வடக்குத் தெருவுக்கு உரிமை கொடுத்தால் அவர்களே கூட்டத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று தெற்குத் தெரு பயப்படுகிறது. பெரியூரோடு சேர்ந்துவிட்டால்? மொத்தக் கணக்கில் வடக்குத் தெரு சிறுபான்மை ஆகிவிடும். பயம் போய்விடும். பயம் போனால் உரிமையை நிம்மதியாகக் கொடுக்கலாம்.

கத்தோலிக்கர் அயர்லாந்தில் பெரும்பான்மை, சேர்ந்த ராஜ்யத்தில் சிறுபான்மை. ஆகவே இணைப்பு வந்தால் அவர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடம் கொடுப்பது ஆபத்தில்லை என்று பிட் சொன்னார். இது வாக்குறுதி அல்ல. அவர் வார்த்தைகளைக் கவனமாக அளந்துதான் பேசினார். ஆனால் கேட்டவர்கள் காதில் வாக்குறுதியாகவே விழுந்தது. அப்படி விழட்டும் என்று அரசும் விட்டுவிட்டது. ஆயர்களின் ஆதரவு இந்த நம்பிக்கையில் நின்றது.

எதிர்ப்பாளர்களின் மிக ஆழமான வாதம் வேறு. பிளங்கெட் என்ற வழக்கறிஞர் அதை முன்வைத்தார். மக்கள் உங்களைச் சட்டம் செய்ய அனுப்பினார்கள், சபையையே வேறொருவருக்கு எழுதிக்கொடுக்க அனுப்பவில்லை. பவர் பத்திரம் வாங்கியவர் சொத்தைப் பார்த்துக்கொள்ளலாம், சொத்துக்காரரையே இல்லாமல் ஆக்கிவிட முடியுமா? இதிலிருந்து ஒரு நேரடிக் கோரிக்கை வந்தது: சபையைக் கலைத்துத் தேர்தல் நடத்துங்கள், இணைப்பு வேண்டுமா என்று ஓட்டுப்போடுபவர்கள் சொல்லட்டும். அரசு மறுத்துவிட்டது. கடைசிவரை தேர்தல் நடக்கவில்லை. என்னைக் கேட்டால், லஞ்சத்தைவிட இந்த மறுப்பே பெரிய குற்றம். மணல்மேட்டுத் தொகுதிகள் நிறைந்த தேர்தலாக இருந்தாலும்கூட, கேட்டிருக்க வேண்டும்.

ஒரு வருடத்தில் எண்ணிக்கை எப்படி மாறியது?

1799 ஜனவரி 22 அன்று சபை கூடியது. விவாதம் விடிய விடிய நடந்தது. இணைப்பைக் கடுமையாக மறுக்கும் திருத்தம் ஒன்று ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. இரண்டு நாள் கழித்து மறுபடி ஓட்டெடுப்பு. இம்முறை அரசு ஐந்து ஓட்டில் தோற்றது. டப்ளின் தெருக்களில் விளக்கேற்றிக் கொண்டாடினார்கள்.

1800 ஜனவரி 15 அன்று அதே சபை மறுபடி கூடியபோது நிலைமை மாறியிருந்தது. அன்றிரவும் விவாதம் விடியும்வரை போனது. அரசியலிலிருந்து ஒதுங்கியிருந்த கிராட்டன் விக்லோ தொகுதியில் அவசரமாக ஓர் இடத்தை விலைக்கு வாங்கினார். தன்னார்வப் படையின் பழைய நீலச் சீருடையில் சபைக்குள் வந்தார். நோயாளி. இரண்டு பக்கமும் நண்பர்கள் தாங்கிப் பிடித்தார்கள். நின்று பேசத் தெம்பில்லை, உட்கார்ந்து பேச அனுமதி வாங்கினார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார். பேச்சு எல்லோரையும் உலுக்கியது. ஓட்டுகள் அசையவில்லை: அரசுக்கு 138, எதிராக 96. பிப்ரவரியில் 158க்கு 115. அதே மாதம் நிதியமைச்சர் ஐசக் கோரிக்கும் கிராட்டனுக்கும் வார்த்தை தடித்துத் துப்பாக்கிச் சண்டைவரை போனது. கோரியின் கையில் குண்டு பட்டது.

இடைப்பட்ட ஒரு வருடத்தில் நடந்ததை 'லஞ்சம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதற்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது நஷ்டஈடு. மறையப்போகும் 84 சிறு தொகுதிகளின் 'சொந்தக்காரர்களுக்கு' ஒரு தொகுதிக்கு 15,000 பவுண்டு வீதம், மொத்தம் 12 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டு. இது சட்டப்படி, பகிரங்கமாக நடந்தது. எதிர்த்து ஓட்டுப்போட்டவர்களுக்கும் கிடைத்தது. மணல் மூடிய பேனோவுக்கும் 15,000 பவுண்டு கொடுத்தார்கள். தொகுதியை ஒரு வீடு, நிலம் போலச் சொத்தாகக் கருதிய காலம் அது. இரண்டாவது, பதவியும் பட்டமும். பல குடும்பங்கள் புதிதாகப் பிரபுக்கள் ஆயின. எதிர்த்தவர்கள் வேலை இழந்தார்கள். நிதியமைச்சராக இருந்த சர் ஜான் பார்னெல் 1799லேயே நீக்கப்பட்டார். ஓட்டை மாற்ற மனமில்லாத சிலர் பதவி விலக, அவர்கள் இடத்தில் வேறு ஆட்கள் வந்தார்கள். மூன்றாவது, லண்டனிலிருந்து ரகசிய நிதி வந்தது. சட்டத்துக்குப் புறம்பானது இதுதான். இத்தனையையும் களத்தில் நடத்தியவர் ஆளுநரின் செயலாளர் கேசில்ரே பிரபு, அப்போது முப்பது வயது.

பணம் மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். கிளர்ச்சியின் ரத்தம் காயவில்லை. நிஜமாகவே பயந்து மாறியவர்களும் இருந்தார்கள். ஆனால் 115 பேர் இத்தனைக்கும் அசையாமல் நின்றார்கள், அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது?

இரண்டு நாடாளுமன்றங்களும் ஒரே விதிகளைக் கொண்ட தனித்தனிச் சட்டங்களை நிறைவேற்றின. டப்ளின் சட்டத்துக்கு 1800 ஆகஸ்ட் 1 அன்று அரசரின் ஒப்புதல் கிடைத்தது. மறுநாள் சபை கடைசியாகக் கூடிக் கலைந்தது. 1801 ஜனவரி 1 முதல் 'கிரேட் பிரிட்டன் மற்றும் அயர்லாந்து ஐக்கிய ராஜ்யம்' என்ற புது நாடு. கொடியில் புனித பேட்ரிக்கின் சிவப்புப் பெருக்கல் குறியும் சேர்ந்தது. இன்று நாம் பார்க்கும் யூனியன் ஜாக் அப்படி வந்ததுதான்.

எட்டு விதிகள். முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். பொதுச்சபையின் 658 இடங்களில் அயர்லாந்துக்கு 100. பிரபுக்கள் சபையில் 28 பிரபுக்களும் நான்கு ஆயர்களும். பிரிட்டனில் ஒரு கோடிக்குச் சற்று மேல் மக்கள், அயர்லாந்தில் சுமார் ஐம்பது லட்சம். அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான இடம். மக்கள்தொகையோடு வரி வருவாயையும் சேர்த்துப் பார்த்ததால் வந்த எண் அது. அரசாங்கத் திருச்சபைகள் இரண்டும் என்றென்றைக்கும் ஒன்றாகும் என்றது ஐந்தாம் விதி. இரு தீவு மக்களுக்கும் வணிகத்தில் சம உரிமை என்றது ஆறாம் விதி. செலவில் அயர்லாந்தின் பங்கு இருபது வருடத்துக்கு 17இல் 2 என்றது ஏழாம் விதி. கடன் கணக்கும் கருவூலமும் அப்போதைக்குத் தனித்தனி.

ஆக, ஊர்க்கூட்டம் ஒன்றானது, கல்லாப்பெட்டி இரண்டாகவே இருந்தது. அந்த ஏழாம் விதிதான் முதலில் உடைந்தது. நெப்போலியனோடு நடந்த போரின் செலவு யாரும் நினைக்காத அளவுக்கு ஏறியது. 17இல் 2 என்ற பங்கைக் கட்ட அயர்லாந்து கடன்மேல் கடன் வாங்கியது. தாங்க முடியாமல் 1817இல் இரண்டு கருவூலங்களையும் ஒன்றாக்கினார்கள்.

எழுதாமல் விட்டது

கத்தோலிக்கர் உரிமை அந்த எட்டு விதிகளில் இல்லை. இணைப்பு முடிந்ததும் தனிச் சட்டமாகக் கொண்டுவரப் பிட் நினைத்திருந்தார். மூன்றாம் ஜார்ஜ் மறுத்துவிட்டார். புராட்டஸ்டன்டு திருச்சபையைக் காப்பேன் என்று முடிசூட்டு விழாவில் சத்தியம் செய்திருக்கிறேன், அதை மீற மாட்டேன் என்றார். 1801இல் பிட் பதவி விலகினார். கார்ன்வாலிஸும் கேசில்ரேயும் கூடவே விலகினார்கள். பதவியை விட்டுப் போனார்கள், அதற்காக அவர்களைப் பாராட்டலாம். ஆனால் ஆயர்களின் நம்பிக்கைக்கு யார் பதில் சொல்வது? இருபத்தெட்டு வருடம் போன பிறகு, 1828இல் கிளேர் மாவட்டத்தில் ஓ'கானல் தேர்தலில் நின்று ஜெயித்துக் காட்டி, மறுபடி கலவரம் வெடிக்குமோ என்று லண்டன் பயந்த பிறகுதான், 1829இல் அந்த உரிமை வந்தது. அதிலும் கூடவே ஓட்டுரிமைக்கான சொத்துத் தகுதியை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுண்டுக்கு, அதாவது ஐந்து மடங்கு, ஏற்றி ஏழை விவசாயிகளின் ஓட்டைப் பறித்துவிட்டார்கள்.

பிட்டின் கணக்கு தப்பு இல்லை. அது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பு வேண்டும். ஒரு தரப்பு வாக்கு மீறினால் மற்றது தட்டிக்கேட்கும். நாடாளுமன்ற இணைப்பில் ஒரு தரப்பு கையெழுத்துப் போட்டதோடு இல்லாமல் போய்விடுகிறது. சட்டத்தின் பார்வையில் இரண்டு சபைகளுமே மறைந்து புதுச் சபை ஒன்று பிறந்தது. நடைமுறையில் வெஸ்ட்மின்ஸ்டரில் அதே ஆட்கள், அதே இருக்கைகளில், புதுத் தேர்தல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த 658 பேரில் 558 பேருக்கு அயர்லாந்தில் ஓட்டுக் கேட்கும் தேவையே இல்லை.

பஞ்சம் வந்தபோது இது உயிர்களின் விஷயம் ஆனது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில வருடங்களில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அயர்லாந்தின் ஏழைகளை அயர்லாந்தின் சொத்தே காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் லண்டனில் வலுத்தது. 1849இல் திவாலான பகுதிகளுக்கு உதவ ஒரு சிறப்பு வரி போட்டார்கள், அயர்லாந்துக்குள் மட்டும். ஒரே ராஜ்யம் என்றால் இந்தப் பாரத்தை ராஜ்யம் முழுவதும் ஏன் சுமக்கவில்லை என்று அன்றே கேட்டார்கள். அயர்லாந்தின் ஏழைகள் நிவாரணத்துக்குத் தலைமை ஆணையராக இருந்த டுவிசில்டன் அந்த வருடமே பதவியை விட்டு விலகினார். அவர் ஓர் ஆங்கிலேயர்.

என்றென்றைக்கும் என்றால் எத்தனை வருடம்?

ஐந்தாம் விதியில் 'என்றென்றைக்கும்' என்று எழுதிய திருச்சபை இணைப்பை, 1869இல் வெஸ்ட்மின்ஸ்டர் சாதாரணச் சட்டம் ஒன்றால் முடித்துவைத்தது. பெரும்பான்மை ஐரிஷ் மக்களுக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் சேர்ந்த சபை, தன்னைப் பெற்ற பத்திரத்தையே மாற்றி எழுதலாம் என்பது அன்று உறுதியானது. 1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிந்து போனது. வட அயர்லாந்து மட்டும் ஐக்கிய ராஜ்யத்தில் நிற்க, 1800ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஐக்கிய ராஜ்யம் விலகிய பிரெக்ஸிட் வந்தபோது அந்த ஆறாம் விதியைத் தேடி எடுத்தார்கள். பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்குப் போகும் சரக்குகளுக்குச் சுங்கச் சோதனை என்றானதும், வணிகத்தில் சம உரிமை என்று 1800இல் எழுதிக் கொடுத்தீர்களே என்று இணைப்பின் தீவிர ஆதரவாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பின்னால் வந்த நாடாளுமன்றச் சட்டம்தான் செல்லும், ஆறாம் விதி அதற்குக் கட்டுப்பட்டது. இந்த முறை ஏமாந்து நின்றவர்கள் இணைப்பைக் காக்க வந்தவர்கள்.

டப்ளினில் அந்தப் பழைய கட்டடம் இன்றும் இருக்கிறது. 1803இல் பேங்க் ஆஃப் அயர்லாந்து அதை 40,000 பவுண்டுக்கு வாங்கியது. மறுபடி சபை கூட முடியாதபடி உள்ளே மாற்றிக் கட்ட வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. பொதுச்சபை அறையைப் பிரித்துப் போட்டார்கள். பிரபுக்கள் அறை மட்டும் தப்பியது. பொதுச்சபையின் செங்கோலை ஜான் ஃபாஸ்டர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். தலைமுறைகள் கழிந்து அவருடைய குடும்பத்தாரிடமிருந்து அது வெளியே வந்தது. இப்போது அது அதே கட்டடத்தில் இருக்கிறது.